‘26 மடங்கு கூடிவிட்டது டாக்டர்’: கதிர்வீச்சுக்குப் பிறகு வரும் ஸ்கேன் அறிக்கையை எப்படிப் படிப்பது?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 69. பெயரும் ஊரும் வெளியில் தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஐந்து பக்கக் கடிதம். அதோடு ஸ்கேன் அறிக்கையின் நகலும், கடைப் பேரேட்டிலிருந்து கிழித்த ஒரு தாளும் இருக்கின்றன. தாளில் நான்கு வருட பி.எஸ்.ஏ. எண்களை (புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் எவ்வளவு என்ற அளவு) தேதிவாரியாக எழுதியிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

2021 நவம்பரில் அவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. அப்போது பி.எஸ்.ஏ. 24, நோயின் தீவிரத்தைக் காட்டும் கிளீசன் எண் 8. மூன்று மாதத்துக்கு ஒன்றாக எட்டு ஹார்மோன் ஊசி போட்டார்கள். கடைசி ஊசி 2023 ஆகஸ்டில். இடையில் 39 நாள் ‘கரண்ட்’, அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். முதல் 25 நாள் இடுப்புக்குழி முழுவதற்கும், பிறகு 14 நாள் புராஸ்டேட்டுக்கு மட்டும். அது 2022 ஏப்ரலில் முடிந்தது.

பேரேட்டுத் தாளில் உள்ள எண்கள்: 2022 அக்டோபர் 0.04, 2023 ஏப்ரல் 0.03, அக்டோபர் 0.03, 2024 ஏப்ரல் 0.12, அக்டோபர் 0.41, 2025 ஏப்ரல் 0.68, அக்டோபர் 0.79. கடைசி எண்ணுக்குக் கீழே சிவப்பு மையில் ‘26 மடங்கு’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

இந்த ஆடி மாதத்திலிருந்து இடுப்புக்குக் கீழே, வால் எலும்புக்கு மேலே வலி. கல்லாவில் உட்கார்ந்து எழுந்தாலும், நின்று சாமான் நிறுத்தாலும் கூடுகிறது. படுத்தால் குறைகிறது. மாதத்தில் இரண்டு மூன்று நாள் மலத்தோடு கொஞ்சம் ரத்தமும் போகிறது. மதுரையில், புராஸ்டேட் புற்றுநோய் எங்கே இருக்கிறது என்று தேடும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் எடுத்தார்கள். புராஸ்டேட்டில் ஸ்கேன் மருந்தின் பரவலான லேசான ஏற்பு, அதன் அளவான எஸ்.யு.வி. 3.8. வலது ஆறாவது விலாவில் 2.6. முதுகெலும்பின் அடியிலுள்ள சேக்ரம் எலும்பின் இரு பக்கமும் கோடு போன்ற மாற்றம், 3.1. ‘எலும்புப் பரவல் அல்ல என்று உறுதிசெய்துகொள்ளவும்’ என்று அறிக்கை முடிகிறது. படத்தில் உடம்பெல்லாம் கறுப்பாக இருந்ததைப் பார்த்து வீட்டில் அழுதிருக்கிறார்கள்.

ஒரு டாக்டர் உடனே விரைகளை எடுத்துவிடச் சொல்கிறார். குடல் டாக்டர் மலக்குடலில் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்கிறார். மகன் சென்னைக்குக் கூப்பிடுகிறார். தென்காசியில் தெரிந்த ஒருவருக்கு பி.எஸ்.ஏ. 0.2 தாண்டியதுமே ‘நோய் திரும்பிவிட்டது’ என்றார்களாம். ‘அப்படியானால் என் கதை?’ என்று கேட்கிறார். கடைசி வரியில் இன்னொரு கேள்வி: ‘மூணு வயசுப் பேரனைத் தூக்கலாமா? வீட்டில் விட மாட்டேங்கிறாங்க.’

அண்ணாச்சி,

நீங்கள் அனுப்பிய நகலில், உங்கள் கடிதத்துக்குள் வராத ஒரு வரி இருக்கிறது. இடுப்புக்குழியிலும் வயிற்றின் பின்புறத்திலும் சந்தேகப்படும்படியான நிணநீர் முடிச்சு எதுவும் இல்லை, நுரையீரலிலும் கல்லீரலிலும் நோயின் அடையாளம் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். பயமுறுத்திய வரிகளை எல்லாம் எழுத்து பிசகாமல் எடுத்து எழுதியிருக்கிறீர்கள், இதை மட்டும் விட்டுவிட்டீர்கள். கிளீசன் 8 என்று தொடங்கிய ஒருவருக்கு, கதிர்வீச்சு முடிந்து மூன்றரை வருடம் கழித்து இப்படி ஒரு வரி வந்திருப்பது சாதாரண விஷயமில்லை.

உங்கள் காகிதங்களை வைத்து நோய் திரும்பிவிட்டது என்று சொல்ல முடியாது. திரும்பவே இல்லை என்று கையெழுத்துப் போட்டுத் தரவும் முடியாது. இதைத் தெளிவாக்க இரண்டு மூன்று சோதனைகள் பாக்கி இருக்கின்றன. அவற்றில் மிக முக்கியமானது சில நூறு ரூபாயில் முடிகிற ஒரு ரத்தப் பரிசோதனை. அந்தப் பேரேட்டுத் தாளில் அது ஒரு தடவைகூட இல்லை. அதைச் செய்யாமல் அறுவை பற்றிப் பேசுவதே அவசரம்.

26 மடங்கு என்ற கணக்கு

பி.எஸ்.ஏ.வைப் புற்றுநோய்ச் செல் மட்டும் உண்டாக்குவதில்லை. புராஸ்டேட்டின் நல்ல செல்லும் உண்டாக்கும். இரண்டுக்குமே அதற்கு, விரையில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் வேண்டும். உங்களுக்குப் போட்ட ஊசி அந்த ஹார்மோனையே அடக்கிவிட்டது. ஆகவே 0.03 என்பது கடை ஷட்டரை இறக்கிப் பூட்டியிருந்த நாளின் விற்பனை. ஷட்டரைத் தூக்கிய பிறகு வரும் விற்பனையை அந்த நாளோடு வகுத்தால் எந்தக் கடையும் 26 மடங்குதான் காட்டும்.

கடைசி ஊசி ஆகஸ்ட் 2023. அதன் வேலை அந்த வருடம் நவம்பர் வரை இருந்திருக்கும். இரண்டு வருடம் ஊசி போட்ட, 65 வயது தாண்டிய உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் மறுபடி ஏற ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். சிலருக்குப் பழைய அளவுக்குத் திரும்புவதே இல்லை. உங்கள் பி.எஸ்.ஏ. 2023 அக்டோபருக்கு மேல் நகரத் தொடங்கியதும் இதுவும் ஒரே காலம்.

தென்காசிக்காரரின் 0.2 உங்களுக்குப் பொருந்தாது. அவருக்கு அறுவை செய்து புராஸ்டேட்டையே எடுத்திருப்பார்கள். உறுப்பே இல்லாத உடம்பில் பி.எஸ்.ஏ. 0.2-ஐத் தொட்டுத் தொடர்ந்து நின்றால் அது கவலைக்குரியதுதான். உங்களுக்குப் புராஸ்டேட் உள்ளேயே இருக்கிறது. கதிர்வீச்சு பெற்றவர்களுக்கான அளவுகோலை 2005-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் கூடிய நிபுணர்கள் வகுத்தார்கள். சிகிச்சைக்குப் பிறகு தொட்ட மிகக் குறைந்த எண்ணோடு 2-ஐக் கூட்ட வேண்டும். உங்களுக்கு அது 0.03 + 2, அதாவது 2.03. இப்போது இருப்பது 0.79. மடங்கு போட்டுப் பார்க்கும் பழக்கத்தை இந்த நோயின் கணக்கில் மட்டும் விட்டுவிடுங்கள்.

2.03 வரும்வரை கண்ணை மூடிக்கொண்டிருக்கலாம் என்று இதற்குப் பொருளில்லை. ஏறும் வேகத்தையும் பார்க்க வேண்டும். பி.எஸ்.ஏ. இரட்டிப்பாக எத்தனை மாதம் ஆகிறது என்பதுதான் வேகக் கணக்கு. 2024 ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைக்கும் உங்கள் கணக்கு ஏறத்தாழ மூன்றரை மாதம். அதை மட்டும் பார்த்தால் யாருக்கும் திக்கென்று இருக்கும். ஆனால் 2025 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அது ஏறத்தாழ 28 மாதம். ஏற்றம் தளர்ந்து வருகிறது. ஹார்மோன் திரும்பும்போது விறுவிறுவென்று ஏறி, பிறகு ஒரு மட்டத்தில் நிற்பது நல்ல செல்களின் போக்கு. நோய் வளரும்போது பெரும்பாலும் வேகம் தளராது, இரட்டிப்புக் காலம் 9 மாதத்துக்குக் கீழே வந்தால் நாங்கள் கவலைப்படுவோம். இரண்டு எண்ணை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு ஊசலாடும் என்பதையும் சொல்ல வேண்டும். 0.68-க்கும் 0.79-க்கும் உள்ள வித்தியாசம் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும் அளவுதான். ஒரே ஆய்வகத்தில் தொடருங்கள்.

இனி அந்த விட்டுப்போன பரிசோதனை. அடுத்த முறை பி.எஸ்.ஏ. எடுக்கும்போது அதே ஊசிக்குத்தில் டெஸ்டோஸ்டிரோனும் பாருங்கள். காலை பத்து மணிக்குள் ரத்தம் கொடுங்கள், அந்த ஹார்மோன் காலையில்தான் அதிகம். ஒரு டெசிலிட்டரில் 300 நானோகிராமை ஒட்டியோ மேலேயோ வந்தால், 0.79 என்பது பெரும்பாலும் விழித்துக்கொண்ட நல்ல செல்களின் கணக்கு. 50-க்குக் கீழேயே கிடந்தால் கதை தலைகீழ். ஹார்மோன் இல்லாமலே பி.எஸ்.ஏ. ஏறுகிறது என்றாகும். அதே 0.79 அப்போது மிகவும் கவனிக்க வேண்டிய எண். அந்த நிலையில் விரையை எடுப்பதாலும் பெரிய பலன் இராது, ஏனென்றால் அறுவை எதைக் குறைக்கப் பார்க்கிறதோ அது ஏற்கெனவே குறைந்துதான் கிடக்கிறது.

இன்னொன்று, ‘ஒன்னுக்கு நல்லாப் போக’ ஒரு மாத்திரை போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். டாம்சுலோசின் மட்டும் என்றால் சரி. கூடவே டூட்டாஸ்டிரைடு அல்லது ஃபினாஸ்டிரைடு என்று இருந்தால் அதை உங்கள் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். அவை பி.எஸ்.ஏ.வைப் பாதியளவுக்குக் குறைத்துக் காட்டும். சிறுநீரில் எரிச்சல், காய்ச்சல் இருக்கும் நாளில் பி.எஸ்.ஏ. கொடுக்க வேண்டாம், கூட்டிக் காட்டும்.

படத்தில் கறுப்பாகத் தெரிந்தவை

வீட்டில் அழுதது இந்தப் படத்துக்காக. பி.எஸ்.எம்.ஏ. என்பது புராஸ்டேட் பெயரைத் தாங்கிய ஒரு புரதம், ஆனால் அது மற்ற இடங்களிலும் இருக்கிறது. கண்ணீர்ச் சுரப்பி, காதுக்கும் தாடைக்கும் கீழே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகள், கல்லீரல், மண்ணீரல், முன்சிறுகுடல், சிறுநீரகம் எல்லாம் எந்த ஆணுக்கும் அந்தப் படத்தில் கறுப்பாகவே தெரியும். நோயே இல்லாதவரைப் படம் எடுத்தாலும் இப்படித்தான் வரும். முகத்தில் இரண்டு பக்கமும் கறுப்புக் குண்டுகள் போலத் தெரிந்ததாக உங்கள் மனைவி சொன்னது உமிழ்நீர்ச் சுரப்பியை. ஸ்கேன் எடுத்த இடத்தில் இதை இரண்டு நிமிடம் நின்று சொல்லியிருந்தால் அந்த ராத்திரி உங்கள் வீட்டில் அடுப்பு எரிந்திருக்கும்.

எஸ்.யு.வி. என்பது மருந்து ஓரிடத்தில் எவ்வளவு சேர்ந்தது என்பதன் அளவு. தனியாக நின்றால் அதற்குப் பொருள் குறைவு. அதே படத்தில் உள்ள மற்ற உறுப்புகளோடு ஒப்பிட வேண்டும். உங்கள் அறிக்கையிலேயே அந்த எண்கள் கீழே பொடி எழுத்தில் இருக்கின்றன: ரத்தத்தில் 1.9, மண்ணீரலில் 8.6, காதடி உமிழ்நீர்ச் சுரப்பியில் 17. உங்கள் புராஸ்டேட்டின் 3.8 ரத்தத்தைவிடக் கூடுதல், மண்ணீரலைவிட நன்றாகக் குறைவு. 0 முதல் 3 வரை போடும் மதிப்பெண்ணில் இது 1. அதுவும் ஓரிடத்தில் குவியாமல் பரவலாக இருக்கிறது. கதிர்வீச்சு பெற்ற சுரப்பியில் இப்படி லேசாக மிச்சம் தெரிவது அபூர்வமில்லை. வேறு இயந்திரத்தில், வேறு மருந்தில் எடுத்த எஸ்.யு.வி.யோடு இதை ஒப்பிட்டு ‘கூடிவிட்டது, குறைந்துவிட்டது’ என்று சொல்லவும் முடியாது.

‘கரண்ட் வைத்த பிறகும் மிச்சம் எப்படி?’ என்று கேட்டிருக்கிறீர்கள். கதிர்வீச்சு செல்லை அந்த இடத்திலேயே எரித்துவிடுவதில்லை. அதன் மரபுப்பொருளை உடைத்துவைக்கும். அந்தச் செல் அடுத்து இரண்டாகப் பிரிய முயலும்போது சாகும். புராஸ்டேட் செல்கள் மெதுவாகப் பிரிபவை. ஆகவே இரண்டு, இரண்டரை வருடம் வரை செத்துக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்துக்குள் சதை எடுத்துச் சோதித்தால், சாகப்போகும் செல்லைப் பார்த்து ‘நோய் இருக்கிறது’ என்று தவறாக எழுத நேரும். நீங்கள் அந்தக் காலத்தைத் தாண்டிவிட்டீர்கள். இனி எடுக்கும் சோதனையை நம்பலாம். ஆனால் இன்றே எடுக்கக் காரணம் போதாது. முதலில் எம்.ஆர்.ஐ., அதில் ஒரே இடத்தில் கட்டி போலத் தெரிந்து பி.எஸ்.ஏ.வும் ஏறினால் அந்த இடத்தைக் குறிவைத்துச் சோதிப்பது, இதுதான் முறை. அப்போதும் மலக்குடல் வழியாக வேண்டாம், விரைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள தோல் வழியாக எடுக்கச் சொல்லுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

விலா எலும்புக்கு வருகிறேன். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், வேறு எதையோ சொல்லும்போது, ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் அரிசி மூட்டையோடு டி.வி.எஸ். 50-இலிருந்து விழுந்து வலது விலாவில் அடிபட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்கேன் எடுத்தவர்களிடம் சொன்னீர்களா? உங்களுக்குப் போட்ட மருந்து எஃப்-18 பி.எஸ்.எம்.ஏ.-1007. அது சிறுநீரில் குறைவாகப் போவதால் இடுப்புக்குழிப் படம் தெளிவாக இருக்கும். ஆனால் எலும்பில், குறிப்பாக விலாவில், காரணமே இல்லாமல் லேசான புள்ளிகளைக் காட்டுவதில் பேர்போனது. ஒற்றைப் புள்ளி, 2.6, அதே இடத்தில் சி.டி. ஸ்கேன் படத்தில் எந்த மாற்றமும் இல்லை, பழைய அடியும் உண்டு. பரவலாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. 2021-இல் எடுத்த எலும்பு ஸ்கேனின் படத்தைத் தேடி எடுத்து இதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அன்றே அந்த இடம் தெரிந்திருந்தால் கேள்வி அங்கேயே முடிந்தது.

இடுப்பு வலி: நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான்

புற்றுநோய் என்று பயந்து எல்லோரும் வேறு பக்கம் ஓடுவதால், இந்த வலிக்கு இன்னும் யாரும் வைத்தியம் பார்க்கவில்லை. முதுகெலும்பின் அடியில், இரண்டு இடுப்பெலும்புக்கும் நடுவே ஆப்பு வைத்ததுபோல் இருப்பது சேக்ரம். உட்கார்ந்து எழும்போது மேலுடம்பின் முழுப் பாரமும் அதன் இரண்டு தோள்கள் வழியாகத்தான் இறங்கும். உங்களுக்கு 25 நாள் இடுப்புக்குழி முழுவதும் கதிர்வீச்சு போயிருக்கிறது. அந்த எலும்பும் அதன் பாதையில்தான் இருந்தது. இரண்டு வருட ஹார்மோன் ஊசி எலும்பின் சுண்ணாம்பைக் கரைத்திருக்கும். இரண்டும் சேர்ந்தால், விழாமல் அடிபடாமலே, அன்றாடப் பாரத்திலேயே எலும்பில் மயிரிழை விரிசல் விடும். விரிசல் ஆறுகிற இடத்திலும் பி.எஸ்.எம்.ஏ. மருந்து லேசாகச் சேரும்.

உங்கள் விவரங்கள் அதோடு பொருந்துகின்றன: இரு பக்கமும் இருக்கிறது, உருண்டையாக இல்லாமல் கோடாக இருக்கிறது, நின்றால் கூடிப் படுத்தால் குறைகிறது. எலும்புக்குப் பரவிய நோயின் வலி பெரும்பாலும் படுத்தாலும் விடாது, ராத்திரியில் எழுப்பிவிடும், வாரத்துக்கு வாரம் கூடும். இது கல்வெட்டு இல்லைதான், இரண்டும் கலந்தும் வரும். அதனால்தான் எம்.ஆர்.ஐ. கேட்கிறேன். விரிசல் என்றால் அதில் கறுத்த கோடும் சுற்றி நீர்க்கோப்பும் தெரியும். பரவல் என்றால் கட்டியாகத் தெரியும்.

ஒரே எம்.ஆர்.ஐ.யில் இரண்டு வேலையையும் முடிக்கலாம். ‘புராஸ்டேட்டுக்குப் பல்முறைப் படம், கூடவே சேக்ரம் எலும்புக்கும்’ என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். கதிர்வீச்சு முடிந்த தேதியையும் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் புதிய நோயாளியைப் படிப்பதுபோல் பை-ராட்ஸ் என்ற சந்தேக மதிப்பெண் போட்டுவிடுவார்கள். கதிர்வீச்சு பெற்ற புராஸ்டேட் சுருங்கிக் கறுத்துக் கிடக்கும், அந்த எண் அதற்குப் பொருந்தாது. திரும்பி வந்த நோயைத் தேட பை-ஆர்.ஆர். என்று தனி மதிப்பெண் முறை இருக்கிறது. போவதற்கு முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்த்துக்கொள்ளுங்கள், பேஸ்மேக்கர் இருந்தால் சொல்லுங்கள்.

விரிசல் என்று உறுதியானால் அந்த எலும்பில் ஊசி குத்திச் சதை எடுக்கக் கூடாது, தேவையில்லாத காயம். டெக்ஸா என்ற எலும்பு அடர்த்திச் சோதனை எடுங்கள். டி-ஸ்கோர் -2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புத் தேய்வு. வைட்டமின் டி, கால்சியம் அளவும் பாருங்கள். எலும்பை உறுதியாக்க வருடத்துக்கு ஒரு முறை ஏற்றும் சோலிட்ரானிக் அமிலம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் என்று இரண்டு வழி உண்டு. எதற்கும் முன்னால் பல் டாக்டரிடம் போய், பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கி, புண் ஆறிய பிறகுதான் ஊசி. ஊசிக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. வெற்றிலை போடுவதாக எழுதியிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அதுவரை கடையில் மூட்டை தூக்க வேண்டாம். தரையில் சம்மணம் போடாமல் உயரமான நாற்காலியில் உட்காருங்கள். கைத்தடியோடு நடங்கள். முழுப் படுக்கை வேண்டாம், எலும்பு இன்னும் இளைக்கும். ஆறச் சில மாதம் ஆகும்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு காலும் வலுவிழந்து தள்ளாடினாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் திடீரென்று நின்றுவிட்டாலோ, அல்லது கட்டுப்பாடில்லாமல் போனாலோ மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. தண்டுவடம் அழுந்துவதன் அடையாளம் அது. ராத்திரியானாலும் ஆம்புலன்ஸுக்கு 108-ஐக் கூப்பிட்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். சில மணி நேரத் தாமதம் காலையே பறிக்கும்.

மலத்தில் ரத்தம்: சதை எடுப்பதற்கு முன் இதைக் காட்டுங்கள்

மலக்குடலின் முன்சுவர் புராஸ்டேட்டை ஒட்டியே இருக்கிறது. எவ்வளவு கவனமாக வைத்தாலும் அந்தச் சுவருக்குக் கதிர்வீச்சு போகாமல் இருக்காது. ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடத்துக்குள், சில சமயம் அதற்குப் பிறகும், அங்கே மெல்லிய ரத்தக் குழாய்கள் புடைத்துக் கசியும். முக்கி மலம் கழித்தால் ரத்தம் தெரியும். அறிக்கையில் ‘மலக்குடல் சுவர் தடிப்பு’ என்று இருப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

குடல் டாக்டர் உள்ளே கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்பது நியாயமான யோசனை, 69 வயதில் வேறு காரணம் இல்லை என்று பார்ப்பதே சரி. பார்க்கட்டும். ஆனால் முன்சுவரிலிருந்து சதை எடுக்கக் கூடாது. கதிர்வீச்சு பட்ட அந்தச் சுவருக்கு ரத்த ஓட்டம் குறைவு. கிள்ளிய இடம் ஆறாமல் புண்ணாகி, மலக்குடலுக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் நடுவே ஓட்டை விழலாம். அப்படி விழுந்தால் மலம் சிறுநீரில் வரும், வயிற்றில் பை வைக்க வேண்டி வரும். புராஸ்டேட் சோதனையை அந்த வழியாக எடுக்க வேண்டாம் என்றதும் இதனால்தான். மூலம் என்று நினைத்து வளையம் போடுவதும், நாட்டு வைத்தியத்தில் காரம் வைத்துக் கட்டுவதும் இதே ஆபத்து. உங்கள் கோப்பின் மேலட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: ‘2022-இல் இடுப்புக்குழிக்குக் கதிர்வீச்சு பெற்றவர். மலக்குடல் முன்சுவரில் சதை எடுக்க வேண்டாம்.’

லேசான கசிவுக்கு மலம் இளக்கும் மருந்தும் நார்ச்சத்தும் போதும். அடங்காவிட்டால் சுக்ரால்ஃபேட் எனிமா, அதற்கும் மேல் ஆர்கான் வாயுவால் கசியும் குழாய்களைச் சுடுவது என்று படிப்படியாக இருக்கிறது. ஹீமோகுளோபின் பாருங்கள். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் இளக்கும் மாத்திரை போட்டால் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

விரையை எடுப்பதும் சென்னைக்குப் போவதும்

விரை நீக்கம் மோசமான சிகிச்சை இல்லை. நோய் பரவிய நிலையில், மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஊசிக்குப் பணம் கட்ட முடியாதவருக்கு அது ஒரே செலவில் முடிகிற, ஊசிக்குச் சமமான வழி. ஆனால் திருப்ப முடியாதது. எலும்பு ஏற்கெனவே விரிசல் விட்டிருக்கும் ஒருவருக்கு மிச்சமிருக்கும் ஹார்மோனையும் நிரந்தரமாக நிறுத்தினால் எலும்பு இன்னும் இளைக்கும். சர்க்கரை, தசை இளைப்பு, உடல் சோர்வு எல்லாம் கூடவே வரும். பரவல் என்று உறுதியாகாத நிலையில் இன்று அதற்குக் கையெழுத்துப் போடாதீர்கள். டெஸ்டோஸ்டிரோனும் எம்.ஆர்.ஐ.யும் வந்த பிறகு கேட்டால் அதே டாக்டரின் பதிலும் மாறலாம். அவரிடம் இதை மரியாதையாகவே கேளுங்கள்: ‘ஐயா, நோய் திரும்பிவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?’ கேட்பது உங்கள் உரிமை.

புராஸ்டேட்டுக்குள் மட்டும் நோய் திரும்பியது என்று பின்னால் தெரியவந்தாலும் வழி அடைபடுவதில்லை. அதே இடத்துக்குக் குறிவைத்த மறு கதிர்வீச்சு, உறைய வைப்பது, அறுவை என்று சில உண்டு. ஒவ்வொன்றும் பக்கவிளைவு கூடியவை, ஆகவே கதிர்வீச்சு டாக்டர், சிறுநீரக அறுவை டாக்டர், புற்றுநோய் மருந்து டாக்டர் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். அப்போது மகன் சொல்லும் சென்னைக்குப் போங்கள். இப்போதைக்கு எல்லாச் சோதனையும் திருநெல்வேலி, மதுரைக்குள் முடியும்.

எங்கே போனாலும் கையில் இருக்க வேண்டியவை: 2021-இன் சதைச் சோதனை அறிக்கை, எலும்பு ஸ்கேன் படம், கதிர்வீச்சு சுருக்க அறிக்கை, அந்தப் பேரேட்டுத் தாள், பெட் ஸ்கேன் படங்களைப் பதிந்த சி.டி. தட்டு. வெறும் காகித அறிக்கை போதாது, படத்தைத் திறந்து பார்த்தால்தான் அடுத்த டாக்டரால் கருத்துச் சொல்ல முடியும். கதிர்வீச்சு கொடுத்த இடத்தில் டோஸ் வரைபடத்தையும் கேளுங்கள், சேக்ரம் எவ்வளவு வாங்கியது என்று அதில் தெரியும். நோயாளி எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருடம்தான் கட்டாயமாக வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. உங்களுக்குச் சிகிச்சை தொடங்கி நான்கு வருடம் ஆகிறது, இந்த வாரமே கேளுங்கள்.

நெல்லை எக்ஸ்பிரஸில் போவதானால், புற்றுநோய் சிகிச்சைக்கும் மறுபரிசோதனைக்கும் போகிறவருக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுக் கட்டணச் சலுகை, துணைக்கு வருபவருக்கு அதில் 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் எழுதி வாங்கி ஸ்டேஷன் கவுன்டரில் கொடுக்க வேண்டும்.

அடுத்த பி.எஸ்.ஏ.வும் டெஸ்டோஸ்டிரோனும் ஜனவரியில், அதன் பிறகு ஏப்ரலில். எம்.ஆர்.ஐ., டெக்ஸா இந்த மாதமே. பெட் ஸ்கேனை ஜனவரியிலேயே மறுபடி எடுக்கச் சொன்னால் காரணம் கேளுங்கள். பி.எஸ்.ஏ. நகராமல் இருக்கும்போது அது புதிதாக எதையும் சொல்லாது.

கடைசியாகப் பேரனைப் பற்றி. 2022-இல் வைத்த கரண்ட் வெளியிலிருந்து பாய்ச்சியது. இயந்திரத்தை நிறுத்திய நொடியே நின்றுவிட்டது, உடம்பில் ஒரு துளியும் தங்காது. பெட் ஸ்கேனுக்குப் போட்ட மருந்து 110 நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைவது. அன்று ஒருநாள் மட்டும் குழந்தையை விட்டுத் தள்ளியிருந்தால் போதும், மறுநாளே ஒன்றுமில்லை. ஸ்கேன் எடுத்து ஒரு மாதமாகிவிட்டது. வீட்டில் இந்தப் பத்தியை வாசித்துக் காட்டுங்கள். ஆனால் குனிந்து தரையிலிருந்து தூக்க வேண்டாம், அந்த இடுப்பெலும்பு இன்னும் சில மாதத்துக்கு அதைத் தாங்காது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். அவனை ஏறி மடியில் உட்காரச் சொல்லுங்கள்.